பெல்லட்டில் வீடு சூடாக்குபவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பியெல்லா, இத்தாலி

பலெர்மோவில் இருந்தவரைக்கும் ஒரு சின்னக் கரண்ட் ஹீற்றர் எங்களுக்குக் காணும். வடக்கே பியெல்லாவுக்கு வந்து, அல்ப்ஸ் அடிவாரத்தில் வீடு எடுத்த பிறகுதான் சூட்டுக்கு எவ்வளவு காசு போகும் என்று விளங்கியது. எங்கள் தெருவுக்கு மெத்தேன் காஸ் லைன் இல்லை. வளவுக்குள் ஜிபிஎல் (திரவமாக்கின காஸ்) தாங்கி. அதை நிரப்பின பில்லைப் பார்த்துவிட்டு இவர், பிள்ளைகளின் அறையை மட்டும் சூடாக்குவோம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாதான் கூப்பிட்டுத் தன் பெலற் அடுப்பைக் காட்டினா. பெலற் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள். அடுத்த குளிருக்கு எங்கள் வீட்டிலும் ஒன்று வந்துவிட்டது.

கணக்கை முதலில் சொல்கிறேன். தரமான பெலற் ஒரு கிலோவில் 4.6 கிலோவாற் மணிக்குக் குறையாத வெப்பம் இருக்கும். 15 கிலோ பை ஒன்று ஏறத்தாழ 10 லீற்றர் ஜிபிஎல்லுக்கு, அல்லது 7 கன மீற்றர் மெத்தேனுக்குச் சமம். உங்கள் பில்லில் இருக்கிற விலையையும் ஒரு பையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. 2022இல் பை 10 யூரோவைத் தாண்டியது உண்மை. ஆனால் அந்த வருசம் காஸும் விட்டுவைக்கவில்லை. மே, ஜூனில் வாங்கி அடுக்கி வைத்தால் மலிவு.

காசை விட எனக்குப் பெரிய ஆறுதல் சூடு ஒரே சீராக இருப்பது. அடுப்புக்குள் ஒரு திருகுத் தண்டு சுற்றிச் சுற்றிப் பெலற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரி கிண்ணத்துக்குள் போடும், ஃபான் காற்றை ஊதும். 20 டிகிரி என்று வைத்தால் அதற்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும். விடிய நேரம் வைத்தால் நாங்கள் எழும்ப முதலே பற்றிவிடும். பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்றுதான் சொக்ஸ் போடுவார்கள்.

விறகு மாதிரிப் புகையாததற்குக் காரணம் பெலற் நன்றாக உலர்ந்திருப்பதுதான். மர ஆலைத் தூளை நன்றாகக் காயவைத்து, பென்சில் தடிப்பில் 6 மில்லிமீற்றர் குச்சியாக அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் மரத்தில் இருக்கிற லிக்னின் இளகித் தானே ஒட்டிக்கொள்ளும், பசை தேவையில்லை. ஈரம் 10 சதவீதத்துக்குள். நன்றாகக் காய்ந்த விறகிலேயே 15, 20 சதவீதம் நிற்கும். ஏ1 என்ற உயர்ந்த தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகாது. அதாவது ஒரு முழுப் பை எரிந்தாலும் நூறு கிராம் அளவுதான்.

தரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு கடையில் மலிவு என்று தந்த பெலற் கிண்ணத்துக்குள் கல்லுக் கட்டியாக உருகி இறுகிவிட்டது. காற்று ஓட்டைகள் அடைபட்டு, கண்ணாடி முழுக்கக் கரி. இப்போது பையில் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பையின் அடியில் தூள் தேங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். நாலு குச்சியைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டால் நல்லது உடனே தாழும், பிறகு ஊறித் தூளாக உதிரும். மிதந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நியூ ஹாம்ப்ஷயர், அமெரிக்கா

அக்கா, தண்ணீர் சோதனை இங்கேயும் பலிக்குது, இப்பதான் செஞ்சு பார்த்தேன்! எங்க பக்கம் பாதி வீடுகள்ல பேஸ்மென்ட்ல வீடு சூடாக்குற எண்ணெய் டேங்க்தான். லாரி வந்து நிரப்பிட்டுப் போகும், விலை உலகச் சந்தையோட ஆடும். பெல்லட் 40 பவுண்டு பை, ஒரு பாலட்ல (பை அடுக்குற மரத் தட்டு) 50 பை, மொத்தம் ஒரு டன். அது கிட்டத்தட்ட 120 கேலன் எண்ணெய்க்குச் சமம். இதே மாநிலத்துல ஜாஃப்ரியில பெல்லட் ஆலை இருக்கு. நான் கொடுக்கிற காசு பக்கத்து மரக்காரங்களுக்குப் போகுதுங்கிறது எனக்கு முக்கியமா படுது. 2023லிருந்து 2025 முடிய, குறைஞ்சது 75 சதவீதத் திறன் உள்ள அடுப்புக்கு 30 சதவீத வரிக்கழிவு இருந்தது, உச்சவரம்பு 2000 டாலர். நானும் அதுலதான் வாங்கினேன்.

கரண்ட் போனா அடுப்பு நின்னுடும், இதை யாரும் மறக்காதீங்க. பனிப்புயல்ல இங்கே கரண்ட் போறது சகஜம். அதுக்குன்னே பேட்டரி பேக்கப் வெச்சிருக்கேன். பத்த வைக்கிறப்பதான் அதிகமா இழுக்கும், எரிய ஆரம்பிச்சா மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கொஞ்சமே போதும்.

ஷ்வார்ஸ்வால்ட், ஜெர்மனி

தங்கச்சி, தம்பி, எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை. நிலவறையில் கொதிகலன், பக்கத்து அறை முழுக்கப் பெலற். தாங்கி லொறி வந்து குழாயால் ஊதி நிரப்பும். பை தூக்குகிற வேலையே இல்லை, என்னைப் போல முதுகு நோக்காரருக்கு அது பெரிய விசயம். எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றினபோது போன நிலவறை மணம் திரும்ப வரவில்லை. கணக்கும் லேசு: 2 கிலோ பெலற் 1 லீற்றர் எண்ணெய்க்குச் சமம். இங்கே பெறுமதி சேர் வரியும் பெலற்றுக்கு 7 சதவீதம், எண்ணெய்க்கு 19.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். சேமித்து வைத்த பெலற்றிலிருந்தே கார்பன் மொனொக்சைட் வரும், எரிய வேண்டியதில்லை. மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடின களஞ்சிய அறைக்குள் போன ஆக்கள் செத்திருக்கிறார்கள். அறைக்கு வெளிக்காற்றுத் துவாரம் இருக்கவேணும். உள்ளே போக முதல் கொதிகலனை நிற்பாட்டி, கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, கார்பன் மொனொக்சைட் அளவுமானியோடு போங்கோ. வெளியில் ஒரு ஆள் நிற்கட்டும். பிள்ளைகளுக்கு எட்டாமல் கதவுக்குப் பூட்டுப் போடுங்கோ.

பியெல்லா, இத்தாலி

அண்ணை, நீங்கள் சொன்னதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் பைகள் கராஜில் இருக்கின்றன, கதவுக்குக் கீழே காற்றுப் போக வழி இருக்கிறது. என்றாலும் அங்கே ஒன்று, அடுப்பறையில் ஒன்று என்று கார்பன் மொனொக்சைட் அலாரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி, அந்த பேட்டரி எத்தனை வாற் என்று எழுதுங்கோ.