ராத்திரி கரண்ட் போனால் குஞ்சுகளுக்குச் சூடு எப்படி?

அண்ணாச்சிமாரே, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறேன். நேற்று 50 நாட்டுக்கோழிக் குஞ்சு வந்து இறங்கியது, ஒரு நாள் வயசு. தகரத்தை வட்டமாக வளைத்து, இரண்டு அங்குலம் உமி பரப்பி, மேலே பேப்பர் விரித்து, 60 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு தொங்கவிட்டேன். கருப்பட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலகை முக்கிவிட்டதில் என் இடுப்பு போச்சு!

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். ஆனால் சாரல் காற்றில் ராத்திரி எல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. பகலில் ஓரத்துக்கு ஒதுங்கி வாயைப் பிளக்கின்றன.

பல்பை இறக்கவா, சுற்றிச் சாக்கு கட்டவா? கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மண்சட்டியில் கரி நெருப்பு வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. மூடிய அறையில் புகை பயமாக இருக்கிறது. வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.