மீன் ஏலம் முதல் வீட்டு விலை வரை: பொதுத்தரவை வைத்துச் சந்தையைப் படிக்க முடியுமா?

செம்பூர்வாசி

மும்பையில் வீடு வாங்க நினைக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இன்றும் விலை நிலவரத்தைத் தரகரிடம்தான் கேட்கிறார்கள். விற்பனை முடிந்தால் மட்டுமே தரகு பெறும் ஒருவரிடம் போய் விலை நியாயமா என்று கேட்பதில் என்ன பயன்? 2017 மே மாதம் முதல், மகாராஷ்டிர மாநிலக் கட்டுமானத் துறை ஒழுங்குமுறை ஆணையமான மகாரெராவின் தளத்தில், பதிவுசெய்யப்பட்ட ஒவ்வொரு கட்டுமானத் திட்டத்திலும் மொத்தம் எத்தனை வீடுகள், அவற்றில் எத்தனை விற்றிருக்கின்றன, எப்போது முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில், ஒவ்வொரு பத்திரத்தின் தொகையும் தேதியும் அடங்கிய சூசி-2 என்னும் பதிவுச் சுருக்கம் கிடைக்கிறது.

வீட்டுச் சந்தைக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23இல் 17,35,286 டன் ஏற்றுமதியாகி 63,969 கோடி ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டு அளவு 17,81,602 டன்னாக உயர்ந்தது. ஆனால் வருவாய் 60,523 கோடியாகக் குறைந்தது. அளவில் சாதனை என்று செய்தி வந்த அதே ஆண்டில் கிலோவுக்குக் கிடைத்த சராசரித் தொகை ஏறத்தாழ 369 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வகுத்தல் கணக்குகள் போதும். பொதுத்தரவை முறையாகப் படிக்கத் தெரிந்தவர், சந்தைக்குள் இருப்பவர்கள் சொல்லும் கதையை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு.

கோலிவாடா வியாபாரி

நண்பரே, உங்கள் வகுத்தல் சரிதான், ஆனால் அதில் வந்த விடை எந்த மீனுடைய விலையும் அன்று. உறைய வைத்த இறாலும், கணவாயும், கருவாடும், மீன்தூளும் ஒரே எடையில் சேர்ந்து கிடக்கும் கூட்டுத்தொகை அது. இறாலின் விலை விழுந்தாலும் சராசரி இறங்கும்; விலை குறைந்த சரக்கு கூடுதலாக ஏறினாலும் சராசரி இறங்கும். எது நடந்தது என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லமாட்டா. ஈக்வடார் இறால் உலகச் சந்தையில் வந்து குவிந்து விலையை அழுத்தியது என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு அப்போதே தெரியும்.

நான் மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் சரக்கு எடுத்து உணவகங்களுக்குக் கொடுப்பவன். விடிவதற்கு முன் ஏலம் தொடங்கும்போது முதல் கூடை வவ்வால் மீனுக்குக் கேட்கப்படும் விலையும், வெயில் ஏறியபின் மிச்சமிருக்கும் கூடைக்குக் கேட்கப்படும் விலையும் ஒன்றல்ல. அரைக் கிலோவுக்கு மேலான வவ்வாலும் உள்ளங்கையில் அடங்கும் வவ்வாலும் பட்டியலில் ஒரே பெயரில் நிற்கின்றன. ஏலத்தில் அவை வேறு வேறு சரக்கு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எவரும் விலை சொல்வதில்லை, செவுளின் நிறத்துக்குப் பட்டியலில் இடமும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் வாங்கிய விசைப்படகுக்காரர், பிடித்து வந்ததை முன்பணம் கொடுத்தவருக்கே தர வேண்டும். அந்தச் சரக்குக்கு எழுதப்படும் விலையில் கடனுக்கான வட்டியும் கழிந்திருக்கும். தரவுத்தளம் அதை மீனின் விலை என்று பதிவுசெய்கிறது. நான் அதைக் கடனின் விலை என்பேன்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆகவே ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரு கரைகளும் மூடியிருக்கும். ஜூலையில் மும்பைச் சந்தையில் விற்கும் மீனில் பெரும்பங்கு உறைபதன அறையிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வருவது. ஆகஸ்ட் மாதத்து மீனோடு அதை ஒரே கோட்டில் வரைந்து, விலை சரிந்தது என்று முடிவுகட்டுவது எப்படிச் சரியாகும்?

மாட்டுங்கா வழக்கறிஞர்

பத்திரங்கள் எழுதுவதும் பதிவதும் என் தொழில் என்பதால் வீட்டு விலை குறித்து மட்டும் சொல்கிறேன். சூசி-2ஐ எடுத்துப் பார்த்தால் அதில் ‘மொபத்லா’ என்று ஒரு வரியும் ‘பாஜார்பாவ்’ என்று ஒரு வரியும் இருக்கும். முன்னது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. பின்னது ரெடி ரெக்கனர் என்னும் வழிகாட்டி விகிதப்படி அரசு கணக்கிடும் மதிப்பு. எது அதிகமோ அதன்மீது முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒப்பந்தத் தொகை அரசு மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வருமான வரிச் சட்டம் விற்றவரையும் பிடிக்கும், வாங்கியவரையும் பிடிக்கும். இந்த நிலையில் அரசு மதிப்புக்கு வெகு கீழே எவர் எழுதுவார்? சந்தை உண்மையாகவே விழுந்த ஆண்டுகளில்கூடப் பதிவான தொகை அந்த அரசு மதிப்புக்குக் கீழே அதிகம் இறங்காது. மறுபக்கம், ரொக்கமாகக் கைமாறும் பகுதி எந்தப் பத்திரத்திலும் ஏறாது. கீழே தரையும் மேலே மறைப்பும் இருக்கும் ஓர் எண்ணைச் சந்தை விலை என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். கொரோனாக் காலத்தில் மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 2 ஆகவும், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 ஆகவும் குறைத்தது. 2020 டிசம்பரில் மட்டும் மும்பை நகரில் 19,000-க்கும் மேற்பட்ட பத்திரங்கள் பதிவாயின. முந்தைய டிசம்பரைப்போல் மூன்று மடங்கு. பின்னால் வாங்கவிருந்தவர்கள் சலுகைக்காக முன்னால் வாங்கினார்கள். பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. அதனால் டிசம்பரில் தீர்வை கட்டி எழுதிய பத்திரங்கள் அடுத்த ஆண்டின் கணக்கிலும் வந்து விழுந்தன. மாதவாரி எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவர், அதை வீட்டுத் தேவையின் எழுச்சி என்றுதான் எழுதியிருப்பார்.

செம்பூர்வாசி

அம்மா, நீங்கள் சுட்டிய ஒவ்வொரு குறையும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறது அல்லவா? சாயும் பக்கம் தெரிந்த குறை, திருத்தக்கூடிய குறை. சூசி-2இல் பதிவுத் தேதி மட்டுமல்லாமல் பத்திரம் எழுதிக்கொடுத்த தேதியும் தனி வரியாக இருக்கிறது. அதைக்கொண்டு வரிசைப்படுத்தினால் 2020 டிசம்பரின் பெருக்கம் எந்த வாரங்களில் உருவானது என்று காணலாம். மொபத்லாவும் பாஜார்பாவும் ஒட்டிக்கிடக்கும் பத்திரங்களை ஒதுக்கிவிட்டு, இடைவெளி பெரிதாக உள்ளவற்றை மட்டும் எடுத்தால் தரையின் தாக்கம் குறைந்துவிடும். தரகரின் வாய்ச்சொல்லில் இப்படி எதைத் திருத்த முடியும்?

அண்ணாச்சி, மீனுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் கேத்ரின் கிராடி என்ற பொருளியலாளர் 1991 டிசம்பர் முதல் 1992 மே வரை 111 வணிக நாட்களின் விற்பனையைத் திரட்டினார். எல்லார் கண்முன்னும் நடக்கும் சந்தை, வாங்குபவர்களும் விற்பவர்களும் நிறைய. ஆனாலும் ஒரே தரத்து வைட்டிங் மீனுக்கு ஆசிய வணிகர்கள், வெள்ளையர்களைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவாகக் கொடுத்துவந்தது அந்தத் தரவில்தான் தெரிந்தது. கடலில் புயல் அடித்த நாட்களைக்கொண்டு, வரத்துக் குறையும்போது வாங்குபவர்கள் எவ்வளவு பின்வாங்குகிறார்கள் என்றும் அளக்க முடிந்தது. அந்தத் தரவு இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. கேரளத்தில் ராபர்ட் ஜென்சன் செய்த ஆய்வையும் சொல்ல வேண்டும். 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளின்றி மத்தியைக் கொட்டிவிட்டுப் போக நின்றபோது, 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். செல்பேசி வந்தபின் அந்த வீணடிப்பு நின்றது. மீனவரின் இலாபம் 8 சதவீதம் கூடியது, நுகர்வோரின் விலை 4 சதவீதம் குறைந்தது. தகவல் பரவினால் சந்தை சீராகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கோலிவாடா வியாபாரி

நீங்கள் காட்டிய இரண்டுமே என் பக்கம்தான் பேசுகின்றன. ஃபுல்டனில் அந்த அம்மையார் ஒரு வணிகரின் கணக்கேட்டை வைத்துக்கொண்டு சந்தையிலேயே நின்று எழுதினார். வாங்கியவர் யார் என்ற விவரம் அதில் இருந்ததால்தான் 7 சதவீத வேறுபாடு தெரிந்தது. அதே விற்பனையை ஓர் அரசுத் துறை நாள் சராசரியாக வெளியிட்டிருந்தால் அந்த வேறுபாடு சராசரிக்குள் கரைந்து போயிருக்கும். வடகரையிலும் உதவியது, கடலில் இருந்தபடியே கரைக்குப் பேசிய செல்பேசி. நேற்றைய விலை இன்று தளத்தில் ஏறுவது பின்னால் ஆராய்பவருக்கு உதவலாம். அதிகாலையில் கூடை முன் நிற்பவனுக்கு உதவாது.

கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் மீன்வரத்துக் கணக்கை நான் மதிக்கிறேன். 2023இல் 35.3 லட்சம் டன் என்றார்கள். எல்லா இறங்குதளங்களிலும் எடை போட்டுச் சேர்த்த எண் அல்ல அது; மாதிரி எடுத்து மதிப்பிட்டது. அவர்களே அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைப் பரப்புபவர்கள் மதிப்பீடு என்ற சொல்லை முதலில் கழற்றிவிடுகிறார்கள்.

முலுண்ட் மதிப்பீட்டாளர்

வங்கிகளுக்காக வீட்டு மதிப்பீடு செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் தொடங்கிய ரெசிடெக்ஸ் என்னும் வீட்டு விலைக் குறியீடு, இப்போது கடன் கொடுப்பவர்களின் மதிப்பீட்டு விலைகளிலிருந்து உருவாகிறது. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பத்திரப்பதிவுத் தொகைகளிலிருந்து உருவாகிறது. ஒரே மும்பைக்கு இவை இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்வதில் வியப்பில்லை. மதிப்பீட்டுக்குப் போகும்போது பேசி முடித்த விலை எங்கள் கையில் இருக்கும். அந்த எண்ணை அறிந்தபின் அதிலிருந்து வெகுதூரம் விலகிய மதிப்பைப் போடுவது எளிதன்று.

தரவு எல்லாருக்கும் திறந்திருந்தால் அது ஆராயப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அமெரிக்காவின் பாஸ்டன் வீட்டு விலைத் தரவு 1970ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலிருந்து 506 பகுதிகளுக்குத் தொகுக்கப்பட்டு 1978இல் வெளியானது. அதில் 50,000 டாலருக்கு மேற்பட்ட எந்த வீட்டு மதிப்பும் 50,000 என்றே நிறுத்தப்பட்டிருக்கிறது. கறுப்பின மக்களின் விகிதத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நிரலும் அதில் உண்டு. பல தலைமுறை மாணவர்கள் இவற்றைக் கேள்வி கேட்காமல் அந்தத் தரவில் பயிற்சி எடுத்தார்கள். கணினிவழித் தரவாய்வு பழகுவோர் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் மென்பொருள் நூலகம் அந்தத் தரவை நீக்கியதே 2022இல்தான்.

இருந்தாலும் பொதுத்தரவே வேண்டாம் என்ற பக்கம் நான் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் வீட்டின் பரப்பளவு இல்லை. நம் சூசி-2இல் பரப்பளவு இருக்கிறது. மொத்தமாக எடுக்கத்தான் வழியில்லை. ஆண்டு, கிராமம், சர்வே எண் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டி, ஒவ்வொரு பத்திரமாகத் திறக்க வேண்டும். யாரும் பார்க்கலாம், ஆனால் யாரும் சேர்த்துப் பார்க்க முடியாது என்னும் இந்த நிலையைத்தான் நாம் எதிர்க்க வேண்டும்.

மாட்டுங்கா வழக்கறிஞர்

மொத்தமாகத் திறப்பதை நான் எதிர்க்கிறேன் ஐயா, இப்போதைய வடிவில் மட்டும். விற்றவர், வாங்கியவர் பெயரும் முகவரியும் அந்தச் சுருக்கத்தில் இருக்கின்றன. தனியாக வாழும் ஒரு மூதாட்டி எந்த மாதம் எவ்வளவு தொகைக்கு வீட்டை விற்றார் என்பதை எவரும் ஒரே சொடுக்கில் வடிகட்டி எடுக்கும்படி செய்வது பொதுநலம் ஆகாது. பெயர்களை நீக்கி, கட்டடம், மாடி, பரப்பளவு, இரு தேதிகள், இரு தொகைகள் ஆகியவற்றை மட்டும் வெளியிட்டால் நானே அதற்காக மனு எழுதித் தருவேன்.

செம்பூர்வாசி

அந்த ஏழு விவரங்கள் போதும், பெயர் எனக்குத் தேவையில்லை. ஆனால் அதுவரை காத்திராமல் இப்போதே வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. நீங்கள் பார்க்கும் கட்டடத்தின் நகர நில அளவை எண்ணான சிடிஎஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே கட்டடத்திலும் பக்கத்திலும் கடந்த சில ஆண்டுகளில் பதிவான பத்திரங்களைத் திறந்து, எழுதிய தேதிப்படி அடுக்குங்கள். சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி வரும். புதிய கட்டடமாக இருந்தால் மகாரெராவில் விற்காத வீடுகள் எத்தனை என்று பாருங்கள்; முடிக்கும் தேதி நெருங்கிய பிறகும் பாதி வீடுகள் விற்காமல் கிடந்தால் பேரம் பேசும் வலு உங்களிடம் இருக்கிறது.

மாட்டுங்கா வழக்கறிஞர்

பெருக்குவதற்கு முன் அந்தப் பரப்பளவு கார்பெட் ஏரியாவா, சுவர்களையும் சேர்த்த கட்டடப் பரப்பா என்று பத்திரத்தில் பாருங்கள். பழைய பத்திரங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். வண்டி நிறுத்துமிடம் தொகைக்குள் அடக்கமா என்றும் பாருங்கள். ஒரே மாடியின் இரு வீடுகளுக்கு இடையே சில லட்சம் வேறுபாடு வருவதற்கு அது ஒன்றே போதும்.

கோலிவாடா வியாபாரி

இவ்வளவும் பார்த்தபின் அதே கட்டடத்தில் அண்மையில் வாங்கிய ஒருவரிடம் போய்ப் பேசுங்கள் என்பதையும் சேர்த்துவிட்டால் வீட்டைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பில்லை. வீடு ஓராண்டு காத்திருக்கும், பத்திரமும் எழுத்தில் இருக்கும். மீனுக்கு நான் உடன்பட மாட்டேன். அளவு வாரியாகவும், முன்பணச் சரக்கு எது, திறந்த ஏலத்தில் போனது எது என்று பிரித்தும் ஏதேனும் ஒரு துறை என்று விலை வெளியிடுகிறதோ, அன்று அந்தப் பட்டியலை முதலில் படிப்பவன் நானாக இருப்பேன்.