வாஹூ பிடிக்க அந்தமானா மாலத்தீவா? விரால் ராடு தாங்குமுங்களா?

கோபிதூண்டில்:
அண்ணன்மாருக்கு வணக்கமுங்க. நானு கோபி பக்கம், வாய்க்கா கொளம்னு தவளை லூர் (பொய் இரை) போட்டு விரால் புடிக்கறதுதான் நம்மளுக்குப் பழக்கம். வர்ற பிப்ரவரியில மச்சானும் நானும் கடலுக்குப் போயி வாஹூ (வஞ்சிரம் சாதி மீனு) புடிக்கலாம்னு ரோசனைங்க. கொச்சில ஏறுனா மாலே கிட்டத்தான்னு அவரு சொல்றாப்ல, எனக்கு அந்தமான் ஆசை. கையில இருக்கறது எட்டடி ஸ்பின்னிங் ராடு, 30 பவுண்டு பிரெய்டு (பின்னுன நூலு), லீடருக்கு (முள்ளுக்கு முன்னால கட்டற துண்டு நூலு) 60 பவுண்டு ஃப்ளோரோகார்பன். இது பத்துமுங்களா இல்ல புதுசா வாங்கோணுமா?

ஆழியாறு_அண்ணன்:
தம்பி ராடு வாங்கற காசை அக்கட்டால வெய்ங்க. வாஹூக்கு முக்காவாசி ட்ரோலிங்தான், படகு ஓட ஓட லூரை இழுத்துட்டே போறது, அதுக்குண்டான குட்டை ராடும் பெரிய ரீலும் வாடகைக்கு வர்ற சார்ட்டர் படகுலயே குடுப்பாங்க, உங்க விரால் ராடு ஊட்லயே இருக்கட்டும். நீங்க பாக்க வேண்டியது லீடர். வாஹூ பல்லு முக்கோணமா நெருக்கமா இருக்கும், கீழ்த்தாடையோட மேல்தாடையும் சேந்து அசையும், 60 பவுண்டு ஃப்ளோரோ ஒரே கடியில போயிரும். அப்பறம் அது இரையோட வாலைத்தான் மொதல்ல நறுக்கும், ஓட முடியாமப் பண்ணிட்டுத்தான் திரும்பி வந்து தின்னும். அதனால முள்ளு லூரோட கடைசில இருக்கோணும், தலைப்பக்கம் இருந்தா பாதி லூர்தான் மிச்சம். ஒயர் (கம்பி) லீடர் இல்லாமப் போகாதீங்க.

ஈரோட்டு மாப்ள:
ஒயர்னு ஒரே அடியாச் சொல்லாதீங்கணா. தண்ணி கண்ணாடியாட்டத் தெளிவா இருக்கறப்ப மெதுவா இழுத்தா ஒயரைப் பாத்துட்டு ஒதுங்கிக்குது, நானெல்லாம் தடிச்ச மோனோதான் (ஒத்தை இழை நைலான் நூலு) போடறது. லூர் நாலு போகும்தான், ஆனா கடி எச்சா கெடைக்கும்.

ஆழியாறு_அண்ணன்:
மாப்ள, நீங்க சொல்றது 7, 8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குங்க. 12லருந்து 16 நாட் வரைக்கும் இழுக்கறப்ப ஒயரப் பாக்க அதுக்கு எங்க நேரம்? 1964ல அளந்து பாத்தப்பவே வாஹூ வெடுக்குன்னு ஓடற ஓட்டம் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல வந்துச்சு, நம்ம படகு வேகமெல்லாம் அதுக்கு ஒண்ணுமேயில்ல. லூருக்கு முன்னால ஈய வெயிட் போட்டாத்தான் அந்த வேகத்துல லூர் தண்ணிக்கு மேல துள்ளாம அடியில ஓடும். மீன் மாட்டுனதும் படகை நிறுத்தவே கூடாது, சித்த வேகத்தைக் கொறைச்சு ஓடிட்டே இருக்கோணும், லைன் தொய்ஞ்சா தலையை உதறி முள்ளைத் துப்பீரும். மொத ஓட்டத்துக்கு ரீல் கத்தறது இருக்குதே, அதுக்கோசரமே போலாமுங்க.

நொய்யல்காரி:
எடத்தை யாரும் சொல்லவேயில்லையே. டிசம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல் அடங்கியிருக்கும், பிப்ரவரி தாராளம். அந்தமானுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், சென்னை போயி ஏறிக்கலாம். ஆனா ஒண்ணு, அங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு ஜிடிங்கற பெரிய கடல் மீனைப் பாப்பர் (தண்ணி மேல துள்ளற லூர்) வீசிப் புடிக்கத்தான் வருவாங்க, புக் பண்றப்பவே வாஹூதான் வேணும் ட்ரோலிங் செட்டு இருக்குதான்னு கேட்டுக்கோங்க, இல்லீன்னா பொழுதுக்கும் பாறை மேட்டுல பாப்பர் வீசிட்டு வர வேண்டியதுதான். மாலத்தீவுல பவளப்பாறைக்கு வெளிப்பக்கம் தரை திடீர்னு ஆழமா எறங்கற விளிம்பு கரையிலருந்து கிட்டவே இருக்குது, அங்கதான் வாஹூ சுத்தும். எனக்குக் கேட்டா மச்சான் சொல்றதுதான் சரி. விடியக்காலைல கெளம்புங்க, மெதக்கற மரக்கட்டை கண்ணுல பட்டா வுடாம ஒரு சுத்து சுத்திப் பாத்துருங்க.

சேலத்து சமையல்:
புடிச்சதை உடனே ரத்தம் வடிய வுட்டு ஐஸ்ல போடுங்க. சூரை வஞ்சிரம் குடும்பம், வெயில்ல கெடந்தா ஹிஸ்டமின் ஏறீரும், வறுத்தாலும் போகாது, மூஞ்சி செவந்து தலைவலி வரும். வயித்தைக் கிழிக்கறப்ப கட்டை வெரலாட்ட தடியாப் புழு இருந்தா பயந்துக்காதீங்க, வாஹூ வயித்துல அது சகஜம், சதைக்கு ஒண்ணும் ஆகாது. போட்டோ எடுக்கறதா இருந்தா மேல தூக்குன கையோட எடுத்துருங்க, அந்த நீலப் பட்டையெல்லாம் செத்த கொஞ்ச நேரத்துல மங்கீரும், அப்பறம் ஊர்ல வந்து காட்டுனா வஞ்சிரம்னுதான் சொல்லுவாங்க.

கோபிதூண்டில்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். மச்சானுக்குக் காட்டுனேன், மாலேதான்னு முடிவு பண்ணிட்டாப்ல. ஒயர்ல ஒத்தைக் கம்பியா, முறுக்குன கேபிளா?

ஆழியாறு_அண்ணன்:
வேகமா இழுக்கறதுக்குக் கேபிள். ஒத்தைக் கம்பி ஒருக்கா மடங்குச்சுன்னா அந்த எடத்துலயே அறுந்துரும், ஒவ்வொரு மீனுக்கப்பறமும் மாத்தோணும். கேபிளுக்கு ஸ்லீவும் (சின்ன உலோகக் குழாய்) அதை அமுக்கற கிரிம்பரும் சேத்து வாங்கிக்கோங்க, முடிச்சுப் போட்டா நிக்காது.