முகத்துக்கு நேரே கை வந்தால் கண் மூடிக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் ஜனவரியில் இருந்து ஷோட்டோகான் கராத்தே பழகுகிறேன். வயது 34, பெண். வேலை முடிந்து இருட்டில் பாலம் கடந்து தனியே வீடு போவதால்தான் சேர்ந்தேன். கட்டா (தனியே செய்யும் அசைவு வரிசை) எல்லாம் நன்றாக வருகிறது, சிக்கல் ஜோடியாக மோதிப் பழகும் குமித்தேயில்தான். முகத்துக்குக் குத்து வந்தவுடன் கண் இறுக மூடும், தலை இடப்பக்கம் திரும்பும், மூச்சும் நின்றுவிடும். தடுக்கிற கை அதற்குப் பிறகுதான் எழும்பும். வயிற்றுக்கு வரும் குத்துக்கு இப்படி இல்லை. அதை வாங்கிக்கொண்டே திருப்பி அடிப்பேன்.

பல் காப்பும் தலைக்கவசமும் போட்டுப் பார்த்தேன், கவசம் பக்கப் பார்வையை மறைத்துப் பயம் கூடியதுதான் மிச்சம். எங்கே அடி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கோஹோன் குமித்தேயில் பிரச்சினையே இல்லை. சொல்லாமல் அடித்தால் பழைய கதைதான். தம்பியிடம் டென்னிஸ் பந்தை முகத்துக்கு எறியச் சொன்னேன். பந்துக்குக் கண் பழகிவிட்டது, கைக்குப் பழகவில்லை. (அவனுக்கு நல்ல பொழுதுபோக்கு.) மாஸ்டர் "அடி வாங்க வாங்கச் சரியாகும்" என்கிறார். அப்படி மூக்கில் ஒன்று வாங்கிய பிறகு இன்னும் மோசம்.

இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால்: சொல்லாமல் வரும் முகக் குத்துக்குக் கண் திறந்தபடி நிற்க, ஜோடியாக என்ன பயிற்சி செய்தீர்கள்?