எங்கள் வீடு: அந்தக் குட்டிப் பார்ட்டிஷன்

காலை 6:48
அப்பா: கணினி எழவில்லை. கறுப்புத் திரை. பூட் செய்ய டிவைஸ் எதுவும் இல்லை என்கிறது.
அப்பா: [புகைப்படம்]
அப்பா: [அதே புகைப்படம்]
அத்தை: அனைவருக்கும் இனிய காலை வணக்கம்
அப்பா: அக்கா, வணக்கம் சொல்லும் நேரமா இது?
அத்தை: வீட்டுக் கணக்கை அனுப்பிவிட்டாயா தம்பி? இன்று என்றாயே.
அப்பா: அது அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது.
சித்தப்பா: ஓ.
சித்தப்பா: கணக்குக் கேட்ட மறுநாளே நின்றுவிட்டதாக்கும்.
அம்மா: தம்பி, விடிந்ததும் ஆரம்பிக்க வேண்டாம்.
நான்: கேபிள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

காலை 7:05
அண்ணன்: அப்பா, பதற வேண்டாம். தவறு என்னுடையது. சனிக்கிழமை இரவு பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புது எஸ்எஸ்டி டிஸ்குக்கு மாற்றினேன் அல்லவா? டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதிகளான விண்டோஸ் பார்ட்டிஷன், உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தின் பார்ட்டிஷன் இரண்டையும் அப்படியே பிரதி எடுத்தேன். ஆனால் பழைய டிஸ்கின் தலைமாட்டில் 100 எம்பிக்கு ஒரு குட்டிப் பார்ட்டிஷன் உண்டு. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். கணினி கண் விழித்ததும் அதைத்தான் தேடும். விண்டோஸை எழுப்பும் கோப்பும், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவின் கோப்பும் அங்கேதான் இருக்கின்றன. அளவைப் பார்த்து ஏதோ மிச்ச இடம் என்று விட்டுவிட்டேன்.
சித்தப்பா: சின்னது என்றால் விட்டுவிடுவது நம் குடும்பத்தில் வழக்கம்தானே.
அத்தை: பார்ட்டிஷனா? வீட்டைப் பிரிப்பதைப் பற்றி இன்னும் யாரும் முடிவு செய்யவில்லையே. இவன் யார் பிரிக்க?
நான்: அத்தை, அது டிஸ்கில்.
அத்தை: எதில் பிரித்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.
அப்பா: நேற்று முழுவதும் நன்றாக ஓடியதே? இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்கு எழுதினேன்.
அண்ணன்: நேற்று இரண்டு டிஸ்கும் உள்ளே இருந்தன. பழையதன் குட்டிப் பார்ட்டிஷன்தான் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது. பழையதை இப்போது யார் கழற்றினார்கள்?
அம்மா: உன் சித்தப்பா. நேற்று மாலை.
சித்தப்பா: இனி வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்கள் என்றேன். அண்ணன் தலையாட்டினார்.
அப்பா: ஏணியைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்டேன். நீ சரி என்றாய். அதற்குத் தலையாட்டினேன்.
அம்மா: ஏணி வரவில்லை.
அண்ணி: நம் வீட்டு ரேடியோவைப் பிரித்தது நினைவு வருகிறது. மாட்டி முடித்தபோது இரண்டு திருகு மிஞ்சியதே?
சித்தப்பா: அந்த ரேடியோ அதற்குப் பிறகும் பாடியது.
அம்மா: ஒரே நிலையம்.

காலை 7:31
அண்ணன்: தங்கை வீட்டில் இருக்கிறாள் அல்லவா? உபுண்டு பென் டிரைவ் எங்கே?
நான்: அம்மாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது.
அம்மா: அது வெறும் அலங்காரம் என்று நினைத்தேன்.
அண்ணன்: அதைச் செருகி அதிலிருந்து கணினியை எழுப்பு. நிறுவ வேண்டாம், "டிரை உபுண்டு" என்பதை மட்டும் தேர்ந்தெடு. பழையது 500 ஜிபி, புதியது 1 டிபி, எனவே கடைசியில் பாதி இடம் காலி. அங்கே 300 எம்பிக்கு ஃபேட்32 வகையில் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி ஈஎஸ்பி, அதாவது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், என்று கொடி வை. டிஸ்கின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு உபுண்டு பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதாவது மாட்டி, அதற்குள் பூட் என்ற கோப்புறையின் கீழ் ஈஎஃப்ஐ என்ற இடத்தில் இந்தப் புதியதை மவுன்ட் செய். டெவ், ப்ராக், சிஸ் என்ற கோப்புறைகள் மூன்றையும் இணைத்துவிட்டு சிஎச்ரூட் செய்தால், பென் டிரைவில் நின்றுகொண்டே டிஸ்கில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்ததாக ஆகும். அங்கிருந்து கிரப்பை நிறுவ கிரப் இன்ஸ்டால், அடுத்து அதன் மெனுவைப் புதுப்பிக்க அப்டேட் கிரப். கட்டளைகளை உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.
நான்: சரி.
அத்தை: இவன் பள்ளியில் கட்டுரை எழுதும்போதும் இப்படித்தான். கூடுதல் தாள் வாங்காமல் முடிக்க மாட்டான்.
அப்பா: விண்டோஸ்?
அண்ணன்: அதற்கு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவும், விண்டோஸை எழுப்பும் கோப்பை மறுபடி எழுதும் பிசிடிபூட் என்ற கட்டளையும் வேண்டும். கணக்கு உபுண்டுவில்தானே இருக்கிறது? முதலில் அது எழட்டும். மேலும் விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருக்கிறது. 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். உங்களை எழுதி வைக்கச் சொன்னேன்.
அப்பா: நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
அம்மா: எட்டு வரிசையாக ஆறு ஆறு எண்கள்தானே?
அப்பா: அதேதான்.
அம்மா: அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரித் தட்டில் விரித்திருக்கிறேன். எந்தத் தட்டு என்று பார்க்க வேண்டும்.
அப்பா: ...

காலை 8:20
நான்: கிரப் மெனு வந்துவிட்டது. உபுண்டு தெரிகிறது.
அப்பா: சபாஷ்!
நான்: இல்லை அப்பா. 1 நிமிடம் 30 விநாடி எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது எமர்ஜென்சி மோட் என்று நிற்கிறது.
அத்தை: எமர்ஜென்சியா? யாருக்கு? நான் புறப்பட்டு வரட்டுமா?
நான்: கணினிக்கு அத்தை.
அத்தை: பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேனே. அவர்கள் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள்.
சித்தப்பா: இப்போதுதான் தொலைபேசி வந்தது. அண்ணனுக்கு மாரடைப்பா என்று கேட்கிறார்கள்.
அப்பா: இன்னும் இல்லை.
அண்ணன்: நான் சொல்ல மறந்தது இது. எஃப்எஸ்டேப் என்று ஒரு கோப்பு. எழும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை எங்கே மாட்ட வேண்டும் என்ற பட்டியல் அது. ஒவ்வொன்றையும் யூயூஐடி என்ற எண்ணை வைத்து அடையாளம் காணும். ஈஎஃப்ஐ வரியில் பழைய டிஸ்கின் எண் இன்னும் இருக்கிறது. அது வரும் வரும் என்று 90 விநாடி வாசலைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறது. ரூட் கடவுச்சொல் கேட்டால் குழம்பாதே, மறுபடி பென் டிரைவிலிருந்து எழுப்பி, பிஎல்கேஐடி கட்டளையில் புதிய எண்ணைப் பார்த்து அந்த வரியை மட்டும் மாற்று. ஸ்வாப் (நினைவகம் நிரம்பினால் உதவும் இடம்) என்று தனி வரி இருந்தால் அதையும் ஒரு முறை பார்.
நான்: ஸ்வாப் பார்ட்டிஷன் இல்லை, கோப்பாகத்தான் இருக்கிறது.
அண்ணன்: அப்படியானால் தொடாதே.
அம்மா: ஒருவர் வராவிட்டால் வீடே நின்றுவிடுமா? நான் எத்தனை முறை காத்திருந்திருக்கிறேன்.
அண்ணி: அத்தை சொல்வது சரி.

காலை 8:52
நான்: எழுந்துவிட்டது. முழுதாக.
அப்பா: கணக்குக் கோப்பைத் திற.
நான்: திறந்தேன். கடைசியாகச் சேமித்தது சனிக்கிழமை மாலை.
அப்பா: நான் நேற்று எழுதியது?
நான்: இல்லை.
சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
அப்பா: என்ன நீக்கினாய்?
சித்தப்பா: ஒன்றும் இல்லை.
அண்ணன்: ஒரு நிமிடம். பிரதி எடுத்ததால் இரண்டு டிஸ்கிலும் உபுண்டு பார்ட்டிஷனுக்கு ஒரே யூயூஐடி. இரண்டும் உள்ளே இருக்கும்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நேற்று அப்பா எழுதியது பழைய டிஸ்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா, அதை எதிலும் செருகவில்லையே?
அண்ணன்: சித்தப்பா?
சித்தப்பா: இரவு என் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது.
அப்பா: செய்துவிட்டாயா?
சித்தப்பா: வேண்டாம் என்றுதான் அழுத்தினேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை.
அண்ணன்: விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாததைக் காலி இடம் என்று எண்ணிக்கொண்டு அப்படிக் கேட்கும். தயவுசெய்து இனி எதிலும் செருக வேண்டாம். இங்கே கொண்டுவாருங்கள். கணினி புதியதிலிருந்து எழுந்த பிறகு யூஎஸ்பியில் இணைத்து அந்த ஒரு கோப்பை எடுத்துவிடலாம். இரண்டையும் உள்ளே வைத்து மட்டும் எழுப்பக் கூடாது.
அத்தை: அப்படியானால் இரண்டு கணக்கு இருக்கிறதா? சனிக்கிழமைக் கணக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு ஒன்று?
சித்தப்பா: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.
அப்பா: ஒரே கணக்குதான். கூரை வேலைக்கு நான் கொடுத்ததைச் சேர்த்தேன்.
சித்தப்பா: கூரைக்கு நானும் கொடுத்தேன்.
அப்பா: யோசனை கொடுத்தாய்.
அம்மா: போதும்.
நான்: விண்டோஸ் எப்போது அண்ணா?
அண்ணன்: ஞாயிறு வருகிறேன். பிசிடிபூட் போட்டதும் விண்டோஸ் முந்திக்கொண்டு கிரப் பின்னால் போய்விடும், கணினியின் அமைப்பில் வரிசையை மாற்றிவிடலாம். மெனுவில் விண்டோஸ் தெரியவில்லை என்றால், மற்ற சிஸ்டங்களைத் தேடிச் சேர்க்கும் ஓஎஸ் ப்ரோபரைத் திறந்துவிட வேண்டும். கிரப் 2.06 முதல் அதை மூடியேதான் வைத்திருக்கிறார்கள்.
அண்ணி: ஞாயிறு நாம் என் அம்மா வீட்டுக்குப் போகிறோம்.
அண்ணன்: அதற்கடுத்த ஞாயிறு.
அம்மா: அந்தத் தாள் கிடைத்துவிட்டது. ஆறாவது வரிசையில் ஒரு எண் ஈரத்தில் அழிந்திருக்கிறது. 3 அல்லது 8.
அப்பா: தம்பி, டிஸ்க்கை எப்போது கொண்டுவருகிறாய்?
சித்தப்பா: மாலை வருகிறேன். ஆனால் கோப்பை என் முன்னால்தான் திறக்க வேண்டும்.
அத்தை: நான் வரும்வரை யாரும் திறக்க வேண்டாம்.
அம்மா: வரும்போது ஏணி.