மறுமொழி: ஜெனரேற்றருக்குத் தமிழ் – துருசா, ஊற்றா?

எல்லோருக்கும் வணக்கம்.

பைதன் நிரல்மொழியில், கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் ஜெனரேற்றருக்குத் 'துருசு' என்று பெயர் வைக்கலாம் என்று போன கிழமை எழுதியவன் நான்தான். இன்று அதை நானே திரும்பப் பெறுகிறேன். மதுரை ஐயாவின் மடலுக்குப் பயந்து அல்ல. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் வந்த மடல்களுக்குப் பதில்.

> 'மின்னியற்றி' என்று நல்ல சொல் இருக்கிறது. 'இயற்றி' என்று வெட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. உங்கள் பக்கம் அது மின்னியற்றி, எங்கள் இலங்கைப் பாடநூலில் மின்பிறப்பாக்கி. எந்தச் சொல்லைப் போட்டாலும் வன்னியில் பிள்ளைகளின் மனதில் வருவது அந்த மெசின்தான். 90களிலிருந்து போர் முடியும் வரை இங்கே வெளிச்சம் என்றால் ஜெனரேற்றர் சத்தம். இப்போதைய பிள்ளைகளுக்குக் கலியாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் இரைவது. கயிற்றை இழுத்து ஒருதரம் தொடக்கிவிட்டால் எண்ணெய் தீரும்வரை தன்பாட்டில் ஓடும்.

பைதனின் ஜெனரேற்றர் இதற்கு நேர் எதிர். கேட்டால் ஒழிய அசையாது. சனிக்கிழமை வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினேன். சார்பு (ஃபங்ஷன்) ஒன்றை எழுதி, உள்ளே ஓர் அச்சிடும் வரி, அடுத்து மதிப்பைத் தரும் யீல்ட் என்ற கட்டளை. அழைத்தோம். திரையில் ஒன்றுமே வரவில்லை. "சேர், கொம்பியூட்டர் பழுதோ?" என்றான் ஒருவன். பழுதில்லை. யீல்ட் உள்ளே இருந்தால், சார்பை அழைப்பது அதை ஓட்டாது. ஜெனரேற்றர் பொருள் ஒன்றை மட்டும் கையில் தரும். நெக்ஸ்ட் என்று கேட்டால்தான் யீல்ட் வரை ஓடி, ஒரு மதிப்பைத் தந்து, மாறிகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிற்கும். மறுபடி கேட்டால் அடுத்த வரியிலிருந்து தொடரும்.

2001 இல் பைதன் 2.2 இல் இது வந்தபோதே பெயர்ச் சண்டையும் வந்தது. சாதாரண சார்புக்கும் இதற்கும் சார்பைத் தொடக்கும் சொல் ஒரே 'டெஃப்' தானா, வேறு சொல் வேண்டாமா என்று கேட்டார்கள். ஒரே சொல்லே போதும் என்று பைதனை உருவாக்கிய குவிடோ வான் றொசம் முடித்துவைத்தார். எனக்கு அது பிழையான முடிவாகவே படுகிறது. எங்கள் வகுப்பில் பாதிக் குழப்பம் அதனால்தான்.

> யீல்ட் என்றால் விளைச்சல்தானே? அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

தங்கச்சி, முல்லைத்தீவிலிருந்து இப்படி எழுதாவிட்டால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆனால் விளைச்சல் எப்படி வீட்டுக்கு வருகிறது? அறுவடை மெசின் வயலில் இறங்கினால் பொழுதுபடுவதற்குள் மூடை மூடையாகக் கொட்டிவிடும். பிறகு அடுக்க இடமில்லாமல் விறாந்தையெல்லாம் நெல். அதுதான் பைதனின் பட்டியல் (லிஸ்ட்). 10 இலட்சம் எண்களைப் பட்டியலாக்கினால், எண் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளுக்கு மட்டுமே சுமார் 8 மெகாபைட் போய்விடும். எண்களுக்கான இடம் தனி. அதே எண்களைத் தரும் ஜெனரேற்றர் சில நூறு பைட்டுகளில் அடங்கும்.

இனித் துருசு. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நீங்கள் மதகு என்பதை நாங்கள் துருசு என்போம். வேண்டியபோது திறந்து, வாய்க்காலுக்கு முறைத்தண்ணீர் விட்டு, பூட்டிவிடலாம். கேட்டால் தரும், கேட்காவிட்டால் நிற்கும். இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று நினைத்திருந்தேன். ஏற்கெனவே ஃப்ளோசார்ட்டைப் பாய்ச்சற்கோட்டுப்படம் என்று படித்த பிள்ளைகள். அதே வாய்க்காலில் இன்னொரு சொல் வரட்டுமே என்றும் ஓர் ஆசை.

வகுப்பில் ஒரு பிள்ளை, தகப்பன் சிறுபோக நெற்செய்கைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர், எழுந்து கேட்டாள்: "சேர், துருசு திறக்க முன்னமே குளத்தில தண்ணி நிக்குதே. ஜெனரேற்றரில அந்தத் தண்ணி எங்க நிக்குது?"

எங்கும் நிற்கவில்லை! இரணைமடுக் குளத்தில் 36 அடி தண்ணீர் இருந்தால் அது துருசு திறந்தாலும் திறக்காவிட்டாலும் அங்கேதான் இருக்கும். அது நிரம்பிய பட்டியல். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிற துருசு, வெறும் இற்றரேற்றர். ஜெனரேற்றரும் ஓர் இற்றரேற்றர்தான். ஆனால் அதன் மதிப்பு கேட்கும்போதுதான் பிறக்கிறது. ஆகவே துருசை இற்றரேற்றருக்கு ஒதுக்கிவைப்போம்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் பூவல் நினைவு வந்தது. கோடையில் ஆறு வற்றினால் மணலில் கையால் தோண்டுகிற சின்னக் குழி. ஒரு சிரட்டை மொண்டால் ஒரு சிரட்டை ஊறும். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். 'பூவல்' என்றே வைத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. மதுரையில் யாருக்கும் விளங்காது. வைகை மணலில் நீங்களும் தோண்டுவீர்கள், ஆனால் அதற்கு 'ஊற்று' என்பீர்கள். அந்தச் சொல் இங்கேயும் தெரியும். ஆகவே ஊற்று.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ரிட்டர்னுக்குப் 'பின்கொடு' என்று இருக்கிறது. கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது அது. யீல்ட் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறது. அதற்கு 'சுர' என்கிறேன். 'ஊறு' என்றால் கேடு என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். சுரம் என்றால் காய்ச்சல் ஆயிற்றே என்று ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார். எங்கள் ஊரில் அந்த நோயைக் காய்ச்சல் என்றுதான் சொல்வோம், சுரம் என்பதில்லை, ஆகவே பிரச்சினை இல்லை. 'சுரப்பி' என்று ஜெனரேற்றரையே சொல்லலாமே என்றால், அதை உயிரியல்காரர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'வற்று'. மதிப்புகள் தீர்ந்ததும் பைதன் எழுப்பும் ஸ்டொப்-இற்றரேஷனைப் பிள்ளைகள் பிழைச்செய்தி என்று பயப்படுவார்கள். 'ஊற்று வற்றியது' என்றதும் பயம் போய்விட்டது. ஒருமுறை ஓடி முடிந்த ஜெனரேற்றரை மறுபடி சுற்றவிட்டால் ஏன் ஒன்றும் வரவில்லை என்பதும் அதிலேயே விளங்கியது. இரட்டை எண்களை முடிவில்லாமல் தருவது வற்றா ஊற்று. உண்மையான ஊற்று மழை வந்தால் மறுபடி ஊறுமே என்பீர்கள். சரி, அங்கே உவமை கொஞ்சம் கசியும். வகுப்பில் நான் சொல்வது: சார்பு என்பது தோண்டும் முறை, ஒவ்வோர் அழைப்பும் புதுக் குழி. அதனால் சார்பு 'ஊற்றுச் சார்பு', அது தருவது 'ஊற்று'.

> ஜெனரேற்றருக்குள் மதிப்பை அனுப்ப, பைதன் 2.5 இல் வந்த சென்டை என்ன செய்வீர்கள்? ஊற்றுக்குள் யாராவது தண்ணீர் விடுவார்களா?

விடுவோமே! தண்ணீர் பம்ப் இழுக்காவிட்டால் முதலில் ஒரு வாளி வார்ப்பதில்லையா? புது ஜெனரேற்றருக்கும் அப்படித்தான். முதல்தடவை 'நன்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) தவிர வேறு மதிப்பை அனுப்பினால் ஏற்காது, முதல் யீல்ட் வரை ஒருதரம் நகர்த்தியாக வேண்டும். ஆகவே சென்ட் 'வார்'. இதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை, நல்லது கிடைத்தால் மாற்றலாம்.

பைதன் 3 வந்ததிலிருந்து சார்புப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பதால் வரும் சனிக்கிழமை 'இரட்டை_ஊற்று' என்றே எழுதிக் காட்டப் போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். 3.3 இல் வந்த 'யீல்ட் ஃப்ரம்' இன்னும் மிச்சம் இருக்கிறது. ஓர் ஊற்று இன்னோர் ஊற்றிலிருந்து வாங்கித் தருவது அது. 'ஊற்றுக்கண்' என்று ஏதோ நாக்கில் நிற்கிறது, பொருந்துமா தெரியவில்லை. தங்கச்சி, அதை நீங்கள் பாருங்கள்.