மறு: ‘முரண் வரையறை’ போதுமா?

வணக்கம். சர்வர் அமைவுக் கருவிகளின் பிழைச்செய்திகளைத் தமிழாக்கும்போது, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வரையறைகளை என்னவென்று அழைப்பது என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> கிட்டில் ஏற்கெனவே ‘முரண்’ என்றுதான் எழுதுகிறோம். சர்வர் அமைவுக் கருவிகளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் அந்தச் சொல் புழங்குகிறது என்பதுதான் என் தயக்கமே. அங்கே இருவர் ஒரே வரியைத் திருத்தியிருப்பார்கள்; எதை வைத்துக்கொள்வது என்று ஓர் ஆள் உட்கார்ந்து முடிவு செய்வார். இங்கே இரண்டு மாட்யூல்கள் (அமைவின் தனித்தனித் துண்டுகள்) ஒரே அமைப்புக்கு வெவ்வேறு மதிப்பு சொல்கின்றன. நடுராத்திரியில் தானாக ஓடும் கருவி தானே தீர்ப்பும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், பிழைச்செய்தியைப் பார்ப்பவர் கிட் வரலாற்றைக் கிளறப் போவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த இழையில் இரண்டு பிழைகளை ஒன்றாகவே பேசிவருகிறோம். பப்பெட் என்ற அமைவுக் கருவியில் ஒரே வளத்தை (கோப்பு, பயனர் போன்றவை) ஒரே பெயரில் இரண்டு இடத்தில் அறிவித்தால், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் கேட்டலாக் என்னும் வளப் பட்டியலின் தொகுப்பு நின்றுவிடும். அமைவுக் கோப்புகளிலிருந்தே கட்டப்படும் லினக்ஸான நிக்ஸ்ஓஎஸ்ஸில் ஒரு பூலியன் (ஆம்/இல்லை) அமைப்புக்கு இரண்டு மாட்யூல்களும் ‘ஆம்’ என்றால் சத்தமே இருக்காது. ஒன்று ‘ஆம்’, மற்றது ‘இல்லை’ என்றால்தான் பிழை. அதாவது, ஒன்றில் இரண்டு முறை சொன்னதே குற்றம். மற்றதில் மாற்றிச் சொன்னது குற்றம்.

நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் தனித்தனியாக நிற்பது நினைவுக்கு வந்தது. நமக்கு வேண்டிய பிரிவினை அங்கேயே இருக்கிறது. எனவே பப்பெட் வகைக்கு ‘இரட்டை அறிவிப்பு’, நிக்ஸ் வகைக்கு ‘மாறுகோள்’.

‘கோள்’ என்றால் கிரகம் அல்லது கோள்மூட்டல்தான் ஞாபகம் வரும் என்று சிலர் சிரிக்கலாம். மேற்கோளையும் வேண்டுகோளையும் படிக்கும்போது யாருக்கும் வியாழன் ஞாபகம் வருவதில்லை. வினையாகவும் வளைகிறது: “மாறுகோள்: ஃபயர்வால் அமைப்புக்கான இரண்டு வரையறைகள் மாறுகொள்கின்றன.” ‘முரண்’ போட்டாலும் இந்த வாக்கியம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் தேடுபொறியில் கிட் பக்கங்களாகக் கொட்டும்.

> ஓவர்ரைடுக்கு ‘மேலெழுதல்’ சரிதானே?

சரியில்லை. ஓவர்ரைடு என்றால் ஒன்று இன்னொன்றைச் செல்லாததாக்குவது; மேலெழுதினால் பழையது அழிந்துவிடும். லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியில், ஈடிசி (/etc) அடைவில் நாம் வைக்கும் யூனிட் கோப்பு (ஒரு சேவையின் அமைவுக் கோப்பு), யூஎஸ்ஆர் (/usr) அடைவில் உள்ள அதே பெயர்க் கோப்பை அழிப்பதில்லை. அது அங்கேயே கிடக்கும், ஆனால் செல்லாது. இலக்கண உரைகளில் ‘எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தல்’ என்று வரும்; முன்பு பொருந்திய விதியை விலக்கி வேறு விதி சொல்வது. அந்தப் ‘பிறிதுவிதி’ எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கடினம்தான். ‘விலக்குவிதி’ என்றால் விதிவிலக்கோடு குழம்பும் என்பதால் அதைத் தொடவில்லை.

நிக்ஸில் ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு: இயல்பு மதிப்பைத் தரும் எம்கேடீஃபால்ட்டின் (mkDefault) எண் 1000, சாதாரண வரையறைக்கு 100, வலிந்து திணிக்கும் எம்கேஃபோர்ஸுக்கு (mkForce) 50. சிறிய எண்தான் வெல்லும். ஆகவே ‘உயர்ந்த முன்னுரிமை’ என்று மொழிபெயர்த்துவிட்டால் படிப்பவர் 1000ஐப் போட்டுவிட்டுத் திகைப்பார். ‘முந்தும் எண்’ என்று எழுதலாம்.

கடைசியாக, பிழையே காட்டாத வகை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்ஹெச்டியில் (sshd) முதலில் வந்த மதிப்பு செல்லும். லினக்ஸ் கருவின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் (sysctl) கடைசியில் வந்தது. முதன்மைக் கோப்பின் அடியில் கடவுச்சொல் நுழைவை முடக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். எஸ்எஸ்ஹெச்டியின் அந்தக் கோப்பின் தலையில் இன்க்ளூட் ஆகும் (உள்ளே சேர்த்துப் படிக்கப்படும்) ஒரு குட்டிக் கோப்பு ‘ஆம்’ என்று முன்பே சொல்லியிருந்தது. இரண்டு நாள் கதவு திறந்தே கிடந்தது. எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய ‘டி’ (-T) விருப்பத்தோடு ஓட்டியபோதுதான் தெரிந்தது. அந்தக் கட்டளை காட்டுவதை ‘பயனுறு மதிப்பு’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். ‘செல்லும் மதிப்பு’ என்றே வைக்கலாமே. செல்லும், செல்லாது என்பது எல்லார் வாயிலும் இருக்கிறது.

பட்டியல்களை ஒன்றுசேர்ப்பதற்கான சொல்லை இதில் நுழைக்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘பிறிதுவிதி’க்கு மட்டும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரிகளை இன்னும் மாற்றவில்லை.